மீசை வைத்த சிப்பி

கோரைத்திட்டு,
6 அக்டோபர் 2025

அன்புள்ள ரூத் அக்காவுக்கு,

நான் ஜெபா எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு. உங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுவது யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும் என்று மதுவந்தி டீச்சர் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கடிதப் பாடம். தீவுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும். பதில் வந்தால் திரும்ப எழுத வேண்டும். எனக்கு வெளியே வேறு யாருடைய முகவரியும் தெரியாது. அதனால் உங்களைத் தேர்ந்தெடுத்தேன். செங்கல்பட்டு விடுதியில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று உங்கள் அம்மா ஹெலன் அத்தை சொன்னார். அது நல்லதாயிற்று. போன் இருந்தால் நீங்கள் எங்கே கடிதம் எழுதப் போகிறீர்கள்.

கடிதத்தில் ஒரு செய்தி, ஒரு கேள்வி, ஒரு நன்றி கட்டாயம் இருக்க வேண்டும். வெளியாள் படித்தாலும் புரிய வேண்டும். அதனால் தெரிந்ததையும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செய்தி: ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து மாமல்லபுரம் போவதாக இருந்தோம். இப்போது போக முடியாது.

நம் ஊரில் படகு ஏறுகிறவர்கள் துறையில் இருக்கும் மண்சட்டியில் ஒரு சிப்பியைப் போட்டுவிட்டு ஏறுவோம். அன்றைக்கே திரும்பி வருகிறவர்கள் மட்டும். வந்ததும் எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் சட்டி காலியாக இருக்க வேண்டும். ஒரு சிப்பி மிஞ்சினாலும் அந்த ஆள் வந்து சேரும்வரை எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். செப்டம்பர் 13, சனிக்கிழமை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாங்கள் பதினோரு பேரும் டீச்சரோடு செய்யூர் உப்பளம் பார்க்கப் போனோம். பதினோரு சிப்பி போட்டோம். டீச்சர் கரையில் குடியிருப்பவர், அவருக்குச் சிப்பி கிடையாது. டீச்சர் எண்ணினார். நானும் எண்ணினேன். திரும்பி வந்து பதினோரு பேரும் எடுத்தோம். ஒன்று மிஞ்சியது.

பிள்ளைகள் எல்லாரும் அவரவர் அம்மா பக்கத்தில்தான் நின்றோம். ஆனால் சட்டி பொய் சொல்லாது என்றார்கள். யார் வீட்டுக்கோ விருந்து வந்த பிள்ளை எங்களோடு ஏறியிருக்கும், டீச்சர் கவனித்திருக்க மாட்டார், படகு துறையில் முட்டி ஓர் ஆட்டம் ஆடியதே, அப்போது விழுந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஆண்கள் எல்லாரும் தண்ணீரில் குதித்தார்கள். விளக்கு வைக்கும் நேரம்வரை தேடினார்கள். எங்கள் அப்பாவின் பாதத்தைப் பாறையில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்துவிட்டது. ஏழு தையல். பிறகு சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டார்கள். எங்கேயும் யாரும் காணாமல் போகவில்லை.

அன்றிலிருந்து டீச்சருக்கு எண்ணத் தெரியாது என்று ஊரில் பேசுகிறார்கள். இனிமேல் பிள்ளைகளைக் கூட்டமாகப் படகில் அனுப்புவதில்லை என்று முடிவு. முதலில் சொன்னது எங்கள் அப்பா கருப்பன்தான். "இன்னா டீச்சர், பத்துக்கு மேல வராதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

கேள்வி: வெள்ளிக்கிழமை தோறும் டீச்சரோடு உப்பங்கழியில் பூநாரைகளை எண்ணுகிறோம். ஒருநாள் 214. பறக்கிற பறவையைச் சரியாக எண்ணுகிறவர் சட்டியில் கிடக்கிற சிப்பியைத் தப்பாக எண்ணுவாரா?

நன்றி: போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுத்த ரப்பருக்கு நன்றி. அது அழிக்கவில்லை. மை பூசுகிறது. தெரிந்தே கொடுத்தீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெபா


செங்கல்பட்டு,
14 அக்டோபர் 2025

ஐந்தாம் வகுப்பின் ஒரே மாணவியே, அதனால் முதல் மாணவியே,

உன் கடிதம் வந்தது. வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். படித்ததும் கண்ணாடியைக் கழற்றி, "இந்தக் குழந்தை உனக்குச் சொந்தமா? நம்ப முடியலையே" என்றார். சொந்தமில்லை, எதிர்வீடு என்றேன். பெருமூச்சு விட்டார்.

இங்கே எல்லாம் நலம். விடுதி என்று பெயர் வைத்தவர் யாரோ, என்னைவிடப் பெரிய குறும்புக்காரர். 'விடு' என்று தொடங்குகிறது, வெளியே விடுவதில்லை. 'தி' என்று முடிகிறது, தின்ன ஒன்றுமில்லை. காலையில் உப்புமா. உப்பும் இல்லை, அம்மா கைப்பக்குவமும் இல்லை, மிச்சம் 'மா' மட்டும்தான். வார்டன் பெயர் சுந்தரவல்லி. சுந்தரம் எல்லாம் அவர் வீட்டில் தங்கிவிட்டது. எங்களுக்கு வருவது வல்லி, வாயைத் திறந்தால் வலி.

போன வாரம் அவருடைய சர்க்கரை டப்பாமேல் 'எலி மருந்து, தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். மூன்று நாள் சர்க்கரை இல்லாமல் காபி குடித்தார். நான்காம் நாள் எலி மருந்து வாங்கியது யார் என்று விசாரணை வைத்தார். ஒட்டியவளைத் தவிர எல்லாரையும் கேட்டார். வகுப்பில் சொல், சிரிப்பார்கள். இந்தக் கடிதம் வார்டன் கண்ணில் படாது, பகலில் வீட்டுக்குப் போய்வரும் என் வகுப்புப் பெண் ஒருத்தி தபாலில் போடுகிறாள், நீயும் கவரில் இருக்கும் அவள் முகவரிக்கே எழுது.

நீ உப்பளம் போய்வந்தும் இப்படி உப்புச்சப்பு இல்லாமல் எழுதுகிறாயே. அங்கே என்ன பார்த்தாய்? சட்டியும் சிப்பியும்தானா? பழைய விஷயம். ஊர் அப்படித்தான் பேசும், பொங்கலுக்குள் மறந்துவிடும்.

உன் கேள்விக்குப் பதில்: டீச்சர் தப்பாக எண்ணியிருக்க மாட்டார்.

(இதற்குக் கீழே இரண்டு வரி அடித்திருக்கிறேன். படிக்க முயலாதே.)

தீபாவளி லீவுக்கு நான் வரவில்லை. மழை. அப்புறம் படிப்பு. அப்புறம் மழை.

நன்றி: விதி என்பதால் சொல்கிறேன். உன் கடிதத்தை வார்டன் இரண்டு முறை படித்துக்கொண்டிருந்ததால் அன்றைக்குப் படிப்பறைக்கு அரைமணி நேரம் தாமதமாக வந்தார். நாற்பது பெண்கள் சார்பில் நன்றி.

ரூத்


கோரைத்திட்டு,
27 அக்டோபர் 2025

அன்புள்ள ரூத் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் படித்தேன். எலி மருந்துக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பு ஜோயல் மட்டும் சிரித்தான். அவன் எல்லாவற்றுக்கும் சிரிப்பான். டீச்சர் சிரித்ததைப் போலத் தெரிந்தது, ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தீபாவளி அன்று மழை இல்லை. இங்கே இல்லை. செங்கல்பட்டில் மட்டும் பெய்ததா என்று தெரியவில்லை.

அடித்த இரண்டு வரியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். 'சட்டி' என்பது மட்டும் தெரிந்தது.

செய்தி: பள்ளிக்கூட மைதானத்தில் மாமல்லபுரத்தின் வெண்ணெய் உருண்டைப் பாறையைச் சுண்ணாம்புத் தூளால் வரைந்தோம். படம் இல்லை, நிஜ அளவு. டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த் தன் காலடியால் அளந்துகொண்டு வந்தார். அதே காலடியால் இங்கே கயிறு பிடித்தோம். அதற்குள் எங்கள் பதினோரு பேரும், பள்ளிக்கூட வாசலும், கொடிக்கம்பமும் அடங்கிவிட்டன. அங்கே பாறையில் செதுக்கியிருக்கும் யானையையும் வரைய ஆரம்பித்தோம். தும்பிக்கை முடிவதற்குள் எங்கள் அப்பா வந்து, "போவாத ஊருக்கு இன்னாத்துக்கு கோலம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். டீச்சர் கயிற்றைச் சுருட்டிவிட்டார். யானை தும்பிக்கையிலேயே நிற்கிறது.

இன்னொரு செய்தி: மிஞ்சிய சிப்பி என்னிடம் இருக்கிறது. அப்பா அதைத் தூக்கி எறியப் போனார், நான் வாங்கி வைத்தேன். வெளிப்பக்கம் வெறும் சிப்பி. அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. உள்ளே கறுப்பு மையில் ஒரு முகம் இருக்கிறது. இரண்டு கண், முறுக்கிய மீசை. நம் ஊரில் இதே மீசை மூன்று இடத்தில் இருக்கிறது. காசிநாதன் மாமாவின் படகு முகப்பில், மாதா கோயில் பின்சுவரில், என்னுடைய மூன்றாம் வகுப்புச் சுற்றுச்சூழல் புத்தகத்தில் தவளைக்கு. மூன்றையும் வரைந்தது ஒரே ஆள்.

கேள்வி எழுத வேண்டிய இடம் இது. நான் கேள்விக்குறி போடவில்லை.

நன்றி: பதில் எழுதியதற்கு. மற்ற பத்துப் பேருக்கும் இன்னும் பதில் வரவில்லை.

ஜெபா


செங்கல்பட்டு,
3 நவம்பர் 2025

ஜெபா,

இதை வகுப்பில் படிக்காதே. டீச்சரிடம் காட்டாதே. வார்டனிடம் இருந்து தப்பிக்க, இதையும் அதே வகுப்புப் பெண் கையில் கொடுத்துத் தபாலில் போடுகிறேன்.

ஆமாம். என் மீசைதான்.

அன்றைக்கு மதியப் படகில் விடுதிக்குக் கிளம்பினேன். துறையில் யாரும் இல்லை. சட்டியில் உங்கள் சிப்பிகள். காசிநாதன் அண்ணாத்த குனிந்து கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார். பையில் மார்க்கர் பேனா. காலடியில் சிப்பி. இத்தனையும் ஒரே இடத்தில் இருந்தால் நான் என்ன செய்வேன்? கடவுள் வைத்த தேர்வு, நான் தோற்றேன். வரைந்தேன், போட்டேன், ஏறினேன்.

என் திட்டம் இவ்வளவுதான்: சாயங்காலம் அண்ணாத்த சட்டியைப் பார்ப்பார், தலையைச் சொறிவார், சிப்பியைத் திருப்புவார், மீசையைப் பார்ப்பார், "ஏய் ரூத்து, உன் வேலதானா இது!" என்று கழி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். நான் இல்லாத நேரத்திலும் ஊர் என் பெயரைச் சொல்லும். பேருந்தில் அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். யாரும் திருப்பிப் பார்க்காமல் தண்ணீரில் குதிப்பார்கள் என்பது திட்டத்திலேயே இல்லை.

அடுத்த ஞாயிறு அம்மா வார்டன் போனில் கூப்பிட்டுச் சொன்னார். நான் "அய்யய்யோ, அப்படியா" என்றேன். நன்றாகத்தான் நடித்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வாயெடுப்பேன். பின்னால் போனுக்காக வரிசையில் பதினைந்து பேர். நல்ல சாக்கு. தீபாவளிக்கு வராததும் மழையால் இல்லை. துறையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது உங்கள் வீடுதானே.

டீச்சருக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னார்கள் என்பது உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். அம்மா அதைச் சொல்லவில்லை. ஏழு தையல் என்பதையும் சொல்லவில்லை. "கருப்பன் மாமாவுக்குக் கால்ல லேசா கீறல்" என்றார்.

ஒரு வேண்டுகோள். அந்தச் சிப்பியைக் கழியில் போட்டுவிடு. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை யாரிடமும் சொல்லாதே. ஒன்றரை வருடம்தான். அதற்குள் ஏதாவது யோசிக்கிறேன். இத்துடன் ஒரு பொட்டலம் தேன்மிட்டாய் அனுப்பியிருக்கிறேன். எலி மருந்து என்று எழுதவில்லை, பயப்படாமல் சாப்பிடு.

நன்றி: கேள்விக்குறி போடாமல் விட்டாயே, அதற்கு.

ரூத்


கோரைத்திட்டு,
12 நவம்பர் 2025

அன்புள்ள ரூத் அக்காவுக்கு,

தேன்மிட்டாய் வந்தது. பதினோரு பேரும் சாப்பிட்டோம். ஆனால் உங்கள் வேண்டுகோளுக்குச் சம்மதம் இல்லை. மிட்டாய் வேறு, இது வேறு.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அது பயத்தால் இல்லை. அவரவர் கடிதத்தை அவரவர்தான் எழுத வேண்டும் என்பது டீச்சர் சொன்ன விதி. கிருபாகரனுக்கு அவன் அக்கா எழுதிக் கொடுத்தபோது டீச்சர் கிழிக்கச் சொன்னார். அதனால் நீங்களே எழுதுங்கள். ஒன்றரை வருடம் முடியாது. ஒன்றரை வருடத்தில் நான் ஏழாம் வகுப்புக்குப் போகப்போகிறேன். இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து மாமல்லபுரம் போக எனக்கு இந்த ஜனவரி மட்டும்தான் இருக்கிறது. டீச்சரோடு சேர்ந்து யானையையும் முடிக்க வேண்டும்.

எழுதும் முறை உங்களுக்கு மறந்திருக்கலாம். வலப்பக்கம் இடமும் தேதியும். பிறகு யாருக்கு என்று எழுத வேண்டும். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். சிரிப்பு வரும்படி எழுதக் கூடாது. 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்றும் எழுதக் கூடாது, தெரிந்துதான் செய்தீர்கள்.

அன்றைக்கு நடந்த ஒன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் நான் மட்டும்தான் பார்த்தேன். சட்டியில் ஒன்று மிஞ்சியது என்று கேட்டபோது நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. அம்மாவையும் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு விருந்தும் வரவில்லை. அதாவது அது எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. பிறகு என் கையை விட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தார். யாருடைய பிள்ளை என்று தெரியாமலே குதித்தார். மேலே வரும்போது காலில் ரத்தம் வருவது அவருக்குத் தெரியவில்லை. மறுபடி மூழ்கினார்.

நீங்கள் டீச்சருக்காக எழுத வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்பாவுக்காகவும் என்று தோன்றுகிறது. ஏமாந்துவிட்டோமே என்ற கோபத்தில்தான் அப்பா டீச்சரைத் திட்டுகிறார் என்று அம்மா சொல்கிறாள்.

நன்றி: உண்மையைச் சொன்னதற்கு. நீங்கள் என்னிடம் பொய் சொல்லாமல் எழுதிய முதல் கடிதம் அது.

ஜெபா


செங்கல்பட்டு,
19 நவம்பர் 2025

ஜெபா,

இத்துடன் இன்னொரு கடிதம் இருக்கிறது. மேலே 'கோரைத்திட்டு ஊராருக்கும் மதுவந்தி டீச்சருக்கும்' என்று எழுதியிருக்கிறேன். சாயங்காலப் படகு வந்து எல்லாரும் துறையில் இருக்கும்போது உன் அப்பா கையில் கொடு.

ஆறு தாள் கிழித்தேன். முதல் தாளில் மூன்று ஜோக் இருந்தது. இரண்டாவதில் ஒன்று. ஆறாவதில் ஒன்றும் இல்லை. ஜோக்கை எடுத்துவிட்டால் எனக்கு எழுதவே வராது என்று நினைத்திருந்தேன். வந்தது, ஆனால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. ஏழாவது தாளைத்தான் அனுப்புகிறேன். வார்டனிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தார். தன்னிடம் இருந்த தபால்தலையை எடுத்துத் தானே ஒட்டிக் கொடுத்தார். சர்க்கரை டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

உன் அப்பா குதித்ததைப் பற்றி நீ எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. இனி எண்ணிக்கை விஷயத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது.

நன்றி உனக்கு. விதிக்காக இல்லை.

ரூத்


கோரைத்திட்டு,
8 டிசம்பர் 2025

அன்புள்ள ரூத் அக்காவுக்கு,

புயல் மழையால் ஒன்பது நாள் படகு ஓடவில்லை. இந்த முறை நிஜமாகவே மழை. உங்கள் கடிதம் வியாழக்கிழமைதான் வந்தது. நீங்கள் சொன்னபடியே துறையில் அப்பா கையில் கொடுத்தேன். அப்பா பிரித்து இரண்டு வரி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "நீயே பட்ச்சிடு" என்றார். படகுப் பலகைமேல் ஏறி நின்று படித்தேன். மதுவந்தி டீச்சரும் செய்யூர் போவதற்காகப் படகில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

'சிப்பியைப் போட்டது நான்தான்' என்ற வரி வந்ததும் காசிநாதன் மாமா துடுப்பைக் கீழே போட்டார்.

"அடிப்பாவி! நா அன்னிக்கு மூணு வாட்டி முங்கனேன். காதுல பூந்த தண்ணி இன்னும் வெளிய வரல!"

"வூட்ல ஒரு பருக்கை சோறு இல்லாம படுத்தோம்" என்றாள் எங்கள் அம்மா. "கைல கெடைக்கட்டும் அவ."

ஹெலன் அத்தை அழுதார். உங்களை அவர் அடிப்பதாகச் சொன்னார், ஆனால் அடிக்கிற மாதிரி அழவில்லை.

கடைசிவரை படித்தேன். 'டீச்சர் எண்ணியது சரி. தப்பு என்னுடையது. டீச்சரை ஊர் பேசியதெல்லாம் என்னைப் பேச வேண்டியது. கருப்பன் மாமா, உங்கள் காலைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை' என்ற இடத்தில் டீச்சர் படகில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்பா மட்டும், "யாருக்குமே தெரியாத விசயம் இது. இவ இன்னாத்துக்கு தானா வந்து சொல்லிக்கீறா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அப்பாவே சொன்னார்:

"டீச்சர், ஜனவரில கூட்டினு போங்க. ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு வரணும். காலைல இருந்து சாய்ந்தரம் வரிக்கும் புள்ளைங்கள அவதான் எண்ணணும். ஜோக்கு கீக்கு கூடாது."

இரண்டு நாள் கழித்து, எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சிப்பியையும் காட்டினேன். மீசையை ரொம்ப நேரம் பார்த்தார். "என்னிய மாரியே கீது" என்றார். முடிவை மாற்றவில்லை.

டீச்சரிடம் யாரும் வாயால் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் ஒரு கூடை இறாலும் நண்டும் இருந்தன. அப்பா வைத்தது. டீச்சர் சைவம் என்று ஆறு வருடமாக எல்லாருக்கும் தெரியும், அவசரத்தில் அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. நண்டு ஒன்று உயிரோடு வகுப்புக்குள் வந்துவிட்டது. டீச்சர் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, "உங்க அப்பாவுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு, முதல்ல அதைப் பிடி" என்றார். அடுத்த நாள் அப்பா செய்யூர் போய் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கி வந்தார்.

யானை இப்போது வாலோடு முடிந்துவிட்டது.

ஜனவரி 24, சனிக்கிழமை. நாங்கள் படகில் வந்து வேனில் ஏறுவோம். நீங்கள் செங்கல்பட்டிலிருந்து பேருந்தில் நேராக மாமல்லபுரம் வந்துவிடலாம். அப்பாவும் வருகிறார். கயிறு வாங்க வேண்டுமாம். கயிறு செய்யூரிலேயே கிடைக்கும்.

நன்றி: எங்கள் பதினோரு பேர் சார்பில். கையெழுத்துகள் பின்பக்கம். ஜோயல் கையெழுத்துக்குப் பதிலாக மீசை வரைந்திருக்கிறான்.

ஜெபா


செங்கல்பட்டு,
25 ஜனவரி 2026

ஜெபா,

நேற்று உங்களை வேனில் ஏற்றிக் கடைசி முறையாக எண்ணிவிட்டுத்தான் என் பேருந்தைப் பிடித்தேன். பதினொன்று. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியாமல் ராத்திரி சோறு இறங்கவில்லை. விடுதிச் சோறு எப்போதும் இறங்காது என்பது வேறு விஷயம். முதலில் இதற்குப் பதில் சொல்: எல்லாரும் வந்து சேர்ந்தீர்களா? சட்டி காலியா?

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரிந்ததுதான். வெளியாள் படித்தாலும் புரிய வேண்டுமாமே.

உன் அப்பாவிடம் சொல்வதற்குப் பேருந்தில் ஏழு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். தையலுக்கு ஒன்று. அவர் வேனிலிருந்து கொஞ்சம் நொண்டிக்கொண்டே இறங்கியதைப் பார்த்ததும் ஏழும் போய்விட்டது. "மாமா, கால்..." என்றேன். "கால் கீது. நீ புள்ளைங்கள பாரு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அவரிடம் கிடைத்ததிலேயே பெரிய மன்னிப்பு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அழுகை வந்தது. கடல்காற்றில் மணல் விழுந்துவிட்டது என்று டீச்சரிடம் சொன்னேன். "ரெண்டு கண்ணுலயுமா?" என்று கேட்டார். உங்கள் டீச்சருக்கு எண்ண நன்றாகவே தெரியும்.

வெண்ணெய் உருண்டைக்குப் பக்கத்தில் எல்லா ஊர்க்காரர்களும் அதைத் தள்ளுவது போலக் கையை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் தரையில் கயிற்றை நீட்டி அளந்தீர்கள். மைதானத்தில் வரைந்தது ஓர் அடி குறைவு என்று தெரிந்ததும் நீ டீச்சரைப் பார்த்த பார்வை! "என் கால் சின்னதுடி, ஒத்துக்கறேன்" என்று அவர் சொல்லும்வரை விடவில்லையே நீ. பிறகு யானையின் வயிற்றுக்கடியில் குட்டிகள் எத்தனை என்று சண்டை. அந்தச் சண்டைக்குள் உங்களை ஏழு முறை எண்ணினேன். ஜோயல் மூன்று முறை வேண்டுமென்றே ஒளிந்துகொண்டான். என் பாவம் என்னையே தேடி வந்தது, ஒன்றாம் வகுப்புச் சீருடையில்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பதினொன்று சரியாக இருந்தது. மார்தட்டிக்கொண்டேன். அப்போதுதான் நீ கேட்டாய், "எங்க அப்பா எங்கே?"

பிள்ளைகளை எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன். எண்ணச் சொன்னவரை எண்ணவில்லை.

டீச்சர் போன் செய்தார். போன் வேனிலேயே அடித்தது. நீங்கள் பதினோரு பேரும் மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தீர்கள். எலுமிச்சைச் சோற்று வாசனை. "யாரும் திறக்கக் கூடாது" என்றாய் நீ. ஒருவரும் திறக்கவில்லை. ஜோயல்கூட. அவன் சிரிக்காமல் இருந்ததை நேற்றுத்தான் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் ஓடினேன். கோயில் பக்கம், கடைப் பக்கம், கடற்கரைப் பக்கம். அன்றைக்கு நம் துறையில் எல்லாருக்கும் எப்படி இருந்திருக்கும் என்று உன் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டது பாதிதான் என்று ஓடும்போது புரிந்தது. மீதியைக் கால்தான் சொன்னது.

சிற்பக்கூடத் தெருவில் இருந்தார். சிற்பி ஒருவர் பாதி செதுக்கிய கல் யானையைத் திருப்பி வைக்க ஆள் தேடியிருக்கிறார். உன் அப்பா கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கயிறு வாங்க வந்தேன், புடிக்க வச்சிட்டாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இன்னா, தேடுனீங்களா?"

"புள்ளைங்க யாரும் சாப்பிடல மாமா."

அவர் கயிற்றைச் சிற்பியிடம் கொடுத்தார். நொண்டுகிற காலோடு எனக்கு முன்னால் நடந்தார். உங்களைப் பார்த்தார், திறக்காத பதினோரு டப்பாக்களைப் பார்த்தார். உட்கார்ந்து உன் டப்பாவை எடுத்துத் திறந்தார். உனக்கும் கொடுக்கவில்லை, அவரும் வாயில் போடவில்லை. முதல் பிடியை என் கையில் வைத்தார்.

ஜெபா, நான் நிறையப் பேசுகிறவள். அந்தச் சோற்றுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. நன்றி என்றால் சின்னதாக இருக்கிறது. வேறு சொல் உங்கள் பாடத்தில் இருந்தால் எழுது.

ரூத்


கோரைத்திட்டு,
2 பிப்ரவரி 2026

அன்புள்ள ரூத் அக்காவுக்கு,

எல்லாரும் வந்து சேர்ந்தோம். சட்டி காலி. அப்பா கடைசியாக இறங்கித் தன்னுடையதை எடுத்தார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது, எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு, ஏனென்றால் டீச்சர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கரைக்குப் போனார். முருங்கைக்காய் சாம்பாருக்கு அம்மா புதுப் பாத்திரம் எடுத்தாள்.

வேறு சொல் டீச்சரிடம் கேட்டேன். இல்லையாம். நன்றியே போதும், ஆனால் நேரில் சொன்னால் கொஞ்சம் பெரிதாகும் என்றார்.

இப்போது புதிய பிரச்சினை. நாங்கள் பார்த்ததை எல்லாம் வீட்டில் சொல்லிவிட்டோம். ஜோயல் யானையை நடித்தே காட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை பூநாரை எண்ண நாங்கள் துறைக்குப் போனபோது ஊரில் உள்ள அம்மாக்கள் எல்லாரும் அங்கே வந்து நின்றார்கள். எங்கள் அம்மா சந்திரம்மாதான் பேசினாள்.

"டீச்சர், நா கல்யாணம் ஆயி இந்த ஊருக்கு வந்து பதினாலு வருசம். மகாபலிபுரம் இன்னா தூரம்? ஒரு வாட்டி பாத்ததில்ல. இதுங்க வந்து கத கதயா சொல்லுதுங்க. நாங்க எப்ப போறது?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கழியைப் பார்த்தார். பிறகு, "போய்ட்டு வாங்களேன். நா வூட்ட பாத்துக்கறேன்" என்றார். துறையில் இருந்த ஆண்கள் எல்லாரும் அப்பாவை முறைத்தார்கள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. கூட்டிக்கொண்டு போவது நாங்கள் பதினோரு பேர். பாறையையும் யானையையும் நாங்கள்தான் விளக்க வேண்டும், அதுதான் இந்தப் பருவத்துப் பாடம். ஆளுக்கு மூன்று அம்மா என்று டீச்சர் பிரித்துக் கொடுத்தார். ஜோயலுக்கு ஒன்று போதும் என்று அவன் அம்மாவையே கொடுத்தார்.

எண்ணுவதற்கு நீங்கள் வர வேண்டும். இது ஊரின் முடிவு. வார்டனுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அதில் ஊரில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்பா தன் பெயரை முழுதாக எழுதினார். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். மொத்தம் முப்பத்தொரு அம்மாக்கள். வளையல் கடை, பாசிமணிக் கடை, பொம்மைக் கடை எல்லாம் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. பிள்ளைகளைப் போல அவர்கள் ஓர் இடத்தில் நிற்க மாட்டார்கள்.

ஜெபா